புறவாசல் கணக்கு

எங்கள் வீட்டுப் புறவாசல் இரண்டு சென்டுக்கு மேல் இராது. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே, தேரிக்காட்டின் செம்மணல் ஓரத்தில் அமைந்த சிற்றூர் எங்களுடையது. அந்த மணலில் ஒரு குடம் நீரை ஊற்றினால் ஊற்றிய இடம் தெரியாது. அத்தகைய மண்ணில் என் அன்னையார் ஒரு முருங்கையும், இரண்டு வாழையும், ஒரு கறிவேப்பிலையும், கொட்டகையின் மேல் படர்ந்த ஒரு பீர்க்கும், ஏழெட்டுக் கோழிகளும் வைத்துக் குடும்பத்தின் பாதிச் சுமையைச் சுமந்து வந்தார். அதனை அன்று நான் அறிந்தேனல்லேன். அறிந்திருந்தால், பள்ளிக்குக் கொண்டு செல்லும் தூக்குச்சட்டியில் வாரத்தில் நான்கு நாள் முருங்கைக் கீரையே இருந்ததற்காக வெட்கி, மற்றப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து உண்டிருக்க மாட்டேன்.

என் தந்தையார் பனையேறி. 1981-ஆம் ஆண்டு, பதநீர்க் காலத்தின் நடுவே, பாளை சீவ ஏறியவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். பத்து மாதம் கட்டிலில் கிடந்தார். அதன் பிறகு அவர் பனை ஏறவேயில்லை. பனையேறியின் வீட்டில் பதநீர் நின்றால் எல்லாம் நிற்கும். காய்ச்சக் கருப்பட்டி இல்லை. விற்கப் பொருள் இல்லை. ஆயினும் அந்த ஆண்டு நாங்கள் ஐவரும் பட்டினி கிடக்கவில்லை. எவ்வாறு கிடக்காமலிருந்தோம் என்று கேட்கும் அறிவு பதினொரு வயதில் எனக்கு இல்லை. பானையில் சேமித்திருந்த கருப்பட்டி, மார்கழியில் தோண்டிய பனங்கிழங்கு, நாள் தவறாத கீரை, இவற்றோடு கடைக்குப் போய்க்கொண்டிருந்த முட்டை ஆகியவையே விடை என்பது பல்லாண்டுகள் கழித்தே எனக்கு விளங்கிற்று. இரண்டு ஆண்டு சென்று நான் சிறு குருமடத்திற்குப் புறப்பட்டபோது கையில் பிடித்த தகரப் பெட்டியும் அந்தக் கோழிகள் வாங்கித் தந்ததே.

இந்தப் பழங்கதையை இப்போது எழுத நேர்ந்த காரணத்தைக் கூறுகிறேன்.

இன்று நான் பணியாற்றும் பங்கு தென்காசிப் பக்கத்தில் உள்ளது. ஆண்களிற் பெரும்பாலோர் கட்டட வேலைக்குச் செல்வோர். பெண்கள் பீடி சுற்றுவோர். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது இரண்டு தொழிலும் ஒரே நாளில் நின்றன. பீடிக் கடையில் இலையும் கொடுக்கவில்லை, தூளும் கொடுக்கவில்லை. நியாய விலைக் கடை அரிசி வந்தது. அதற்குத் தொட்டுக்கொள்ளக் காய்கறிதான் வரவில்லை. பங்கு இல்லத்தின் பின்னால் மூன்று முருங்கை மரங்கள் உண்டு. நாள்தோறும் காலையில் ஐந்தாறு பெண்கள் முந்தானையை விரித்துக்கொண்டு வந்து நின்றார்கள். பத்தே நாளில் மூன்று மரமும் மொட்டையாயின. மொட்டை மரத்தை அண்ணாந்து பார்த்தபடி ஒரு பாட்டி, "சாமி, முந்தி எல்லா வீட்டுலயும் ஒண்ணு நின்னுச்சு. கம்பளிப்பூச்சி வருதுன்னு வெட்டிட்டு சிமெண்டு போட்டுட்டோம்" என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தைத்தது. அவ்வாண்டு ஆடிக் காற்றில் எங்கள் முருங்கைக் கிளைகள் முறிந்து விழுந்தன. மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகளை மூன்று நான்கு அடி நீளப் போத்துகளாக வெட்டி, நுனியில் சாணம் அப்பி, கேட்ட வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.-1 என்னும் விதை முருங்கையும் நன்று. அது ஆறேழு மாதத்தில் காய்க்கும். ஆனால் கீரைக்காக வளர்ப்போருக்குப் போத்தே போதும், விலையும் இல்லை. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்றொரு பழமொழி நம்மிடையே உண்டு. அதன் முற்பாதி முழு உண்மை. பிற்பாதியை நான் ஏற்பதில்லை.

போத்து கொடுத்த ஊக்கத்தில் அடுத்த வாரமே வீட்டுத் தோட்டத்தைப் பற்றிக் கோவில் வாசலில் கூடியிருந்தோரிடம் நீண்ட நேரம் பேசினேன். சிறுகீரை இருபத்தைந்து நாளில் வேரோடு பறிக்கலாம். அரைக்கீரையை நுனி கிள்ளக் கிள்ள மாதக்கணக்கில் தழைக்கும். பொன்னாங்கண்ணிக்கு விதையே வேண்டா, சமையலுக்கு ஆய்ந்து எறியும் தண்டை ஊன்றினால் போதும் என்றெல்லாம் அடுக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு, நான்கு பிள்ளைகளின் தாயான ஒரு பெண்மணி மட்டும் நின்றார்.

"சாமி, உங்க வீட்டுல மோட்டார் ஓடுது. நாங்க மூணு நாளைக்கு ஒருக்க வார குழாய்க்குக் குடத்த வச்சிட்டுக் காத்துக் கெடக்கோம். கீரைக்கு ஊத்தவா, பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கவா?"

எனக்கு விடை தெரியவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்று கூறி உள்ளே சென்றேன்.

யோசிக்கப் பயன்பட்டது என் அன்னையாரின் புறவாசலே. அங்கு வாழை நின்றது கிணற்றடியில் அன்று. பாத்திரம் கழுவும் கல்லின் அடியில். செடிக்கென்று அவர் ஒரு குடமும் ஊற்றிப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. மறுநாள் அப்பெண்மணியின் வீட்டிற்கே சென்று, அவருடைய மூத்த மகனைக் கொண்டு ஒரு கணக்கு எடுத்தோம். குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீர், அரிசி களைந்த நீர் ஆகிய யாவும் எத்தனை குடம் என்று ஒருநாள் முழுவதும் அளந்தான். எட்டுக் குடம் வந்தது! குடிநீருக்குத் தவம் கிடந்த வீட்டில் நாளொன்றுக்கு எட்டுக் குடம் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்நீரைத் திருப்பும் முறை எளிது. கழுவும் இடத்திலிருந்து சாய்வாக ஒரு வாய்க்கால்; அதன் முடிவில் இரண்டடி ஆழக் குழி; குழியில் உடைந்த செங்கல்லும் சரளையும் இட்டு மேலே மணல். அதன் விளிம்பில் நான்கு கல்வாழைக் கிழங்குகளை நட்டால் அழுக்கை அவை ஓரளவு ஈர்த்துக்கொள்ளும். அதற்கு அப்பால் வாழை, சேம்பு, பப்பாளி. சலவைத் தூள் கலந்த நீரை மட்டும் இதில் விடலாகாது. அதிலுள்ள உப்பு நாளடைவில் மண்ணை இறுக்கிவிடும். அரிசி களைந்த நீரைத் தனியே வாளியில் பிடித்துக் கீரைக்கு ஊற்றலாம். குளித்த நீரைக் கீரையின் மேல் தெளிக்க வேண்டா. அந்த வீட்டில் வாழை முதற் குலை தள்ள ஓராண்டு ஆயிற்று. குலையிலிருந்து ஒரு சீப்பைப் பங்கு இல்லத்திற்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் சென்றார். எனக்குக் கிடைத்த விருதுகளில் அஃது ஒன்று.

மழை நீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 300 சதுர அடி மொட்டை மாடி என்பது ஏறத்தாழ 28 சதுர மீட்டர். ஆகவே 10 மில்லிமீட்டர் மழைக்கு 280 லிட்டர். சிதறுவது போக 220 லிட்டரேனும் நிற்கும். பதினைந்து குடம்! 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நம் வீடுகளில் பொருத்திய குழாய்கள் பல இன்று உடைந்தும் மண்ணடைத்தும் கிடக்கின்றன. ஒரு நாள் உழைப்பில் அவற்றைச் சீராக்கலாம். முதல் மழையில் மாடியைக் கழுவ விட்டு, அடுத்ததைப் பிடிக்க வேண்டும். பிடித்த பீப்பாயின் வாயை மெல்லிய வேட்டித் துணியால் இறுகக் கட்டுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும். தோட்டம் வைக்கப் போய்க் காய்ச்சலை வளர்த்தோம் என்றாகக் கூடாது.

இனி என் தோல்விகள். தத்துவமும் இறையியலும் ஏழாண்டு பயின்றவன் நான். எருக்குழிக்குச் சருகு வேண்டும் என்பதை அந்த ஏழாண்டில் ஒருவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. பங்கு இல்லத்துச் சமையற்கட்டின் கழிவை மட்டும் மூன்றடிக் குழியில் நாள்தோறும் கொட்டி மூடினேன். இரண்டு வாரத்தில் நாற்றம் பாடசாலை வரை எட்டிற்று, எலிகள் குடியேறின. "சாமி வீட்டுல என்ன செத்துக் கெடக்கு?" என்று பிள்ளைகள் கேட்டதாக ஆசிரியை ஒருவர் சிரித்துக்கொண்டே தெரிவித்தார். பின்னர் ஒரு முதிய உழவர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு மூன்று பங்கு காய்ந்த சருகு. ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே சிறிது சாணக் கரைசலும் ஒரு கூடை மண்ணும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறல். கையில் பிடித்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும். நீர் சொட்டக் கூடாது. மூன்று மாதத்தில் மழை பெய்த மண்ணின் மணத்தோடு எரு ஆயத்தமாயிற்று. இறைச்சி, மீன் கழிவுகளை மட்டும் இதில் சேர்க்கலாகாது.

கோழி விஷயத்தில் என் தோல்வி சிரிப்புக்குரியதன்று. சிறுவிடைக் கோழி வளர்ப்பது எளிதென்றெண்ணி, நான்கு பெட்டைகளை வாங்கி அடை வைத்தேன். பன்னிரண்டு முட்டைக்கு ஒரு பெட்டை. இருபத்தொரு நாளில் குஞ்சு. காகத்துக்கும் கீரிக்கும் தப்ப வைத்து, பஞ்சாரத்தில் மூடி, முப்பதுக்கு மேற்பட்ட குஞ்சுகளை இளங்கோழிகளாக்கினேன். வீட்டுக்கு ஐந்து வீதம் ஏழை வீடுகளுக்குக் கொடுப்பதாகப் பெயரும் எழுதி வைத்திருந்தேன். தடுப்பூசியைப் பற்றிக் கால்நடை மருந்தகத்தில் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்து ஒவ்வொரு வாரமும் மறந்தேன். ஒரு கோடைக் காலையில் பார்த்தால் இரண்டு கோழிகள் தலை தொங்கி, பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்து நின்றன. வெள்ளைக் கழிச்சல். ஒரே வாரத்தில் நான்கு தவிர யாவும் மாண்டன. அவற்றை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தேன். பெயர் எழுதிய தாள் மேசை மேல் கிடந்தது. நோய் வந்த பின் அதற்கு மருந்து இல்லை. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் போட்டிருந்தால் காத்திருக்கலாம். இரண்டையும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டறியலாம். அந்த மரணங்களுக்கு என் சோம்பலே பொறுப்பு. அடுத்த ஆண்டு தடுப்பூசி போட்ட பிறகே இருபது வீடுகளுக்குக் கோழி சென்றது.

வற்றல், வடகம், ஊறுகாய் ஆகியவற்றைப் பற்றி நான் எழுதினால் நம் தாய்மார்கள் நகைப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

ஆனால் தாய்மார்களைப் பற்றி ஒன்று எழுதியே ஆக வேண்டும். இந்த முயற்சி தொடங்கிய இரண்டாம் ஆண்டு, அன்பியக் கூட்டம் ஒன்றில் ஓர் இளம் பெண் எழுந்து, "சாமி, நல்லதுதான் சொல்றீங்க. ஆனா செடிக்குத் தண்ணி ஊத்துறது நான், கோழிய அடைக்கது நான், குழியக் கிளறுறதும் நான். அந்த நேரத்துல நான் இருநூறு பீடி சுத்திருவேன்" என்றார். கூட்டத்தில் பெண்கள் பக்கம் பெருஞ்சிரிப்பு எழுந்தது. ஆண்கள் பக்கம் அமைதி. குடும்பத் தற்சார்பு என்று நாம் பெருமையாகப் பேசுவது பல வீடுகளில் ஒருத்தியின் முதுகு வலியாக முடிகிறது. என் அன்னையாரின் புறவாசலும் அப்படித்தான் நடந்தது என்பதை எண்ணி அன்று வாயடைத்து நின்றேன். அதன் பிறகு நான் விதை கொடுப்பது தந்தையரின் கையில்தான். குழி வெட்டுவதும் கிளறுவதும் ஆண்கள் வேலை என்றும், கோழி அடைப்பது பிள்ளைகள் வேலை என்றும் வீட்டிலேயே பேசி முடிவு செய்த பிறகே கொடுப்பேன். இது எல்லா வீட்டிலும் நடக்கிறது என்று சொன்னால் பொய்யாகும். பாதி வீடுகளில் நடக்கிறது.

வரவு எவ்வளவு என்று கேட்பீர்கள். கணக்கு எழுதும் பழக்கமுள்ள ஒரு குடும்பத்தார் தங்கள் நோட்டைக் காட்டினார்கள். கீரை, முருங்கை, வாழை, முட்டை ஆகியவற்றால் வாங்காமல் மிஞ்சியது ஒரு மாதம் ஐந்நூறு ரூபாய், நல்ல மாதத்தில் எழுநூறு. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை அது கட்டாது. மருத்துவமனைச் செலவுக்கு அது காணாது. வீட்டுத் தோட்டம் வைத்தால் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை என்று பேசுவோர் வறுமையை அறியாதவர்கள். ஆயினும் தட்டில் பச்சை விழுகிறது. வாரக் கடைசியில் கடைக்காரரிடம் கடன் சொல்லும் தொகை குறைகிறது.

இனி, முட்டை. கோழி கொடுத்த வீடுகளைச் சென்ற ஆண்டு சுற்றி வந்தபோது, கணவரை இழந்த ஒரு தாயின் வீட்டில் ஐந்து பெட்டைகள் செழிப்பாக நின்றன. ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டை இடும் இனம். ஐந்துக்கும் சேர்த்து வாரத்துக்கு ஆறேனும் கிடைக்கும். மகிழ்ந்து, மடியில் ஏறிய சிறுமியிடம், "வாரம் எத்தனை முட்டை சாப்பிடுகிறாய்?" என்றேன். அவள் தாயைப் பார்த்தாள். எல்லா முட்டையும் கடைக்குப் போயிருந்தது. குழந்தையோ மெலிந்து, கண்ணுக்குக் கீழே வெளிறிக் கிடந்தாள். எனக்குக் கோபம் வந்தது. "பிள்ளை சாப்பிடத்தானே அம்மா கோழி கொடுத்தேன்?" என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

அவர் தலை குனியவில்லை. "செவ்வாக்கிழமை குழுக் கடன் கட்டணும் சாமி. ஒரு வாரம் குறைஞ்சா மத்த ஒம்போது பேரும் என் வாசல்ல வந்து நிப்பாங்க. முட்டை கையில இருக்கதால நான் இன்னும் பீடிக் கடையில முன்பணம் வாங்கல" என்றார்.

அந்த வாசலில் நின்றபடியே எனக்கு 1981 நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டிலும் கோழிகள் நின்றன; முட்டையின் சுவை மட்டும் அந்த ஆண்டில் என் நினைவில் இல்லை.

சொல்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லாமற்போயிற்று. வழி கண்டவரும் அவரே. அடுத்த மாதம் நான் சென்றபோது, "நம்ம நாட்டு முட்டை ஒண்ண வித்த காசுல பண்ணை முட்டை ரெண்டு வருது சாமி. ரெண்டு முட்டை வித்துப் பிள்ளைக்கு நாலு வாங்குறேன். மிச்சத்தக் கடனுக்கு வச்சுக்கிடுதேன்" என்றார். இந்தக் கணக்கு எந்த வேளாண் நூலிலும் நான் படித்திராதது. பின்னர் இதை மற்றப் பத்தொன்பது வீடுகளிலும் சொன்னேன். என் பெயரால் அன்று, அவர் பெயரால்.

சென்ற மே மாதம் ஊருக்குச் சென்றிருந்தேன். என் அன்னையாருக்கு எண்பது கடந்துவிட்டது. இன்னும் நான்கு கோழி வைத்திருக்கிறார். நான் புறப்படும்போதெல்லாம் உமி நிறைத்த தகரப் போணியில் முட்டைகளை அடுக்கிக் கையில் கொடுப்பது அவர் வழக்கம். இம்முறை புறப்படுவதற்கு முந்திய மாலை, திண்ணையில் அமர்ந்து அவரிடம் கேட்டேன்.

"அம்மா, அப்பா விழுந்த வருசம் அந்த முட்டையெல்லாம் என்ன ஆச்சு?"

"வாரத்துக்கு ரெண்டு உங்க அப்பாவுக்கு அவிச்சுக் கொடுத்தேன். எலும்பு கூடணும்லா. மத்தது கடைக்கு."

"எங்களுக்கு?"

"பெருநாளுக்குக் கொடுத்தேன். ஒனக்கு ஞாபகம் இருக்காது."

"நீங்க?"

"எனக்கு முட்டை வாடை ஆகாது சாமி" என்று கூறி, அடைய மறுத்த ஒரு பெட்டையைத் துரத்த எழுந்தார்.

அன்றிரவு அடுப்படிக்குச் சென்று, போணிக்கென எடுத்து வைத்திருந்ததிலிருந்து நான்கு முட்டைகளை அவித்தேன். உரித்து, இரண்டை அவருடைய தட்டில் வைத்தேன். சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு உப்பும் மிளகும் கேட்டார். இரண்டையும் உண்டு முடித்து, என் தட்டில் மிஞ்சியிருந்த ஒன்றைக் காட்டி, "வேண்டாமா?" என்றார்.